ஜெல் தட்டில் பத்து விரல்

என் நாத்தனார் நான் கழுவிய டம்ளரில் அப்படியே தண்ணீர் குடித்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், பதினாறு வருடமாக இதே கதைதான். அலமாரியிலிருந்து டம்ளரை எடுப்பாள், வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பாள், குழாயடிக்குப் போய் இன்னொரு முறை அலசிவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் பார்க்கிற வேலை தெரிந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். மருந்துத் தொழிற்சாலையில், கிருமி நுழையக் கூடாத அறையில், குப்பிகளில் மருந்து நிரப்புகிறவள் நான். உள்ளே போவதற்கு முன் மூன்று அறைகளில் மூன்று தரம் உடை மாற்ற வேண்டும். கடைசியில் கண் மட்டும்தான் மிஞ்சும். அதற்கும் மேலே கண்ணாடி. கையுறைக்கு மேல் கையுறை. தும்மினால் அதற்கு ஒரு படிவம் உண்டு. அப்பேர்ப்பட்ட என் கை கழுவிய டம்ளர் அவளுக்கு மட்டும் அழுக்கு.

அவள் என் கணவரின் அக்கா. நேரில் "வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி" என்பேன். மனசுக்குள் அவள், இவள்தான். தனியாக இருந்தவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பெருங்குடலில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். ஈரலிலும் பரவியிருக்கிறது என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், இரண்டு பெட்டியோடும் ஒரு தலையணையோடும். எங்கள் வீட்டுத் தலையணை அவளுக்குச் சரிப்படாதாம்.

மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தாளைக் கணவர் என்னிடம் நீட்டினார். மருந்தின் பெயரை இரண்டு தரம் படித்தேன். எங்கள் தொழிற்சாலையில் தயாராவது. நான் நிரப்புவது.

"இது உள்ள போய் என்ன பண்ணும்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு," என்றாள் நாத்தனார். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம் அது.

சொன்னேன். கட்டி சும்மா வளராது, அதற்குத் தீனி வேண்டும். பக்கத்திலிருக்கும் ரத்தக் குழாய்களுக்குத் தூது விடும், என் பக்கம் ஒரு கிளை போடு என்று. குழாயும் அதை நம்பிக் கிளை விடும். எங்கள் மருந்து ஒரு ஆன்டிபாடி. அந்தத் தூதை வழியிலேயே மடக்கிப் பிடித்துக்கொள்ளும். புதுக் குழாய் வராது. கட்டிக்குப் போகிற சாப்பாடு குறைந்துவிடும்.

"அதாவது பட்டினி போடுறீங்க."

"ஆமாங்க அண்ணி."

"சரியான ஆளைத்தான் வேலைக்கு வெச்சிருக்காங்க," என்று சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். அன்றைக்கு உப்பு கொஞ்சம் கம்மிதான்.

கணவர் சிரித்துவிட்டார். நான் அவரை முறைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை இரண்டு பேருக்கும் காட்டாமல் எழுந்து போனேன்.

எங்கள் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இரும்புத் தொட்டி இருக்கிறது. அதற்குள் செல்கள் நீந்துகின்றன. ஒரு காலத்தில் ஏதோ ஒரு வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எடுத்தவற்றின் வாரிசுகள். புது மருமகனைக் கவனிப்பது போலக் கவனிக்க வேண்டும். சர்க்கரை கொஞ்சம் கூடினாலும் கோபம், காற்று கொஞ்சம் குறைந்தாலும் கோபம். பதினான்கு நாள் தாஜா செய்தால் அந்த ஆன்டிபாடியைத் தண்ணீரில் கக்கும். அதை வடிகட்டி, மறுபடி வடிகட்டி, வேண்டாததையெல்லாம் கழித்து, கடைசியில் தெளிந்த நீராக மேல்தளத்துக்கு என்னிடம் அனுப்புவார்கள். நான் கட்டைவிரல் அளவுக் குப்பிகளில் நிரப்பி மூடுவேன். எனக்குப் பிறகு அதைத் தொடுவது நோயாளியின் ரத்தம்தான்.

இந்த மருந்தைச் செய்துகொண்டிருந்த இன்னொரு தொழிற்சாலை அந்த வருடம் மூடிவிட்டது. எங்கும் தட்டுப்பாடு. மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவர் என் கணவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: அடுத்த ஊசிக்கு இருப்பு இருக்கிறது, அதற்கடுத்து மூன்று வாரம் கழித்துப் போட வேண்டியதற்குப் புது பேட்ச், அதாவது தொழிற்சாலையில் அடுத்து நிரப்புகிற தொகுதி, வந்தால்தான் உண்டு. அந்தப் புது பேட்ச்சைத்தான் நான் அந்தச் செவ்வாய்க்கிழமை நிரப்பினேன்.

காலையில் கிளம்பும்போது கணவர் வாசல்வரை வந்தார். "பாத்துப் பண்ணு. அக்காவோட உசிரு உன் கையில இருக்கு," என்றார். ராத்திரி முழுக்க எனக்கும் அதே நினைப்புதான். இவர் வேறு.

நிரப்புகிற அறையில் நாங்கள் இரண்டு பேர். எனக்குத் துணையாக நிற்பவரை எல்லோரும் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சுவரில் மணி பார்ப்பார். என்னைவிட பத்து வயது மூத்தவர். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

மதியம் ஒரு மணி வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு வரிசையில் ஒரு குப்பி சாய்ந்தது. பக்கத்துக் குப்பிகள் முட்டிக்கொண்டு நின்றன. இயந்திரத்தை நிறுத்தி, தடுப்புக் கதவைத் திறந்து, இடுக்கியோடு உள்ளே கை விட்டுச் சாய்ந்ததை எடுத்தேன். கையை வெளியே இழுக்கும்போது சுண்டுவிரல் தடுப்பின் வெளி விளிம்பில், சுத்தமென்று நம்ப முடியாத இடத்தில், உரசியது போல இருந்தது. உரசியதா, அப்படித் தோன்றியதா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பிறகு மறுபடி கை விட்டு இன்னும் இரண்டு குப்பிகளை நேராக்கினேன். மூடியில்லாத குப்பிகள் வரிசையாக அந்தக் கைக்குக் கீழேதான் நின்றன.

பரவாயில்லை என்று நினைத்தேன். ஏனென்றால் வேலை முடிந்ததும் விரல் பரிசோதனை இருக்கிறது. இரண்டு சின்ன வட்டத் தட்டு, உள்ளே ஜெல். கையுறையின் பத்து விரல்நுனியையும் அந்த ஜெல்லில் அழுத்த வேண்டும். தட்டைச் சில நாள் இளஞ்சூட்டில் வைத்தால், விரலில் ஒற்றைக் கிருமி இருந்திருந்தாலும் அது முளைத்துப் பொட்டாகத் தெரியும். நம் கை சுத்தமா இல்லையா என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டு மணிக்கு முடித்தோம். கடிகாரம் தட்டைப் பிடித்தார், நான் விரல் வைத்தேன், அவர் சாட்சிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு கதவுக்கு நடுவே இருக்கும் சின்ன அறைக்கு வந்தோம். ஒரு கதவு மூடினால்தான் மறு கதவு திறக்கும். பின்கதவு மூடிக்கொண்டது. முன்கதவு திறக்கவில்லை. தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஸ்பீக்கரில் குரல் வந்தது. "காத்தழுத்தம் இறங்கிருச்சு. ரெண்டு கதவும் லாக் ஆயிருக்கு. அரை மணி நேரம் ஆகலாம். அப்படியே நில்லுங்க, எதையும் தொடாதீங்க."

அந்த அறையின் நீளம் நாலு அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும், அகலம் அதில் பாதி. உட்கார இடமில்லை, இருந்தாலும் உட்காரக் கூடாது. சாயவும் கூடாது. முகமூடிக்குள் என் மூச்சே எனக்கு வெக்கையாகத் திரும்பி வந்தது. செய்ய ஒன்றும் இல்லாமல் கையிலிருந்த தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.

விரல் பதிந்த இடங்களில் ஜெல் ஈரமாக மினுங்கியது.

ஸ்பிரிட். கையில் தெளித்த ஸ்பிரிட்டின் ஈரம்.

நிரப்புகிற அறையில் எதைத் தொடுவதற்கு முன்னும் கையில் ஸ்பிரிட் தெளித்துத் தேய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு முறை. வீட்டில் கதவைத் திறப்பதற்கு முன்கூட என் கை அங்கே இல்லாத பாட்டிலைத் தேடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தெளிக்கக் கூடாது: ஜெல் தட்டில் விரல் வைப்பதற்கு முன். தெளித்தால் விரலில் இருந்த கிருமி செத்துப்போகும், தட்டு சுத்தமாக வரும், அந்தச் சுத்தத்துக்கு ஒரு அர்த்தமும் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"அண்ணே," என்றேன். "விரல் வைக்கிறதுக்கு முன்னாடி நான் ஸ்பிரிட் அடிச்சேனா?"

அவர் மணி பார்க்கத் தலையைத் தூக்கினார். அந்தச் சின்ன அறையில் சுவர்க் கடிகாரம் கிடையாது. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் கவனிக்கல," என்றார்.

"தட்டைப் பிடிச்சதே நீங்கதானே?"

"பிடிச்சேன். கவனிக்கல."

"அண்ணே."

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடிச்சே. ரெண்டு கைக்கும் அடிச்சே. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள விரலை வெச்சுட்டே. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். இந்த வருஷம் எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கு. இன்னொண்ணு வந்தா மூட்டையைக் கட்டச் சொல்லிடுவாங்க. பொண்ணு இப்பதான் காலேஜ் மூணாம் வருஷம்."

நான் தட்டை மறுபடி விளக்குக்கு நேரே பிடித்தேன்.

"தட்டு எப்படியும் சுத்தமாத்தான் வரும்," என்றார். "யாருக்கும் தெரியப் போறதில்ல. உங்க வீட்டுலயே ஒருத்தங்க இந்த மருந்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நீதானே சொன்னே? நல்லா யோசிச்சுப் பாரும்மா."

யோசிக்காமல் அந்தப் பெட்டிக்குள் வேறு என்ன செய்ய? சொன்னால் பேட்ச் நிற்கும். இன்னொரு பேட்ச் தொட்டியில் வளர்ந்து என் கைக்கு வர எத்தனை வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை நாத்தனாரின் ஈரலில் இருப்பது பட்டினி கிடக்காது. சொல்லாவிட்டால், என் சுண்டுவிரலில் ஏதாவது ஒட்டியிருந்தால், அது ஏதோ ஒரு குப்பியில் இறங்கியிருந்தால், வேறு மருந்துகளால் எதிர்ப்புச் சக்தி வற்றிப்போன யாரோ ஒருவரின் ரத்தத்தில் நேராகப் போய்ச் சேரும். அந்த யாரோ அவளாகவும் இருக்கலாம். குப்பிகளைச் சோதிக்க மாட்டார்களா என்றால், சோதிப்பார்கள், ஆயிரக்கணக்கில் இருபதை. மீதியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். திறந்துவிட்டால் அது மருந்தே இல்லை.

இன்னொன்றும் மனசில் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதினாறு வருடத்தில் இவள் தொலைந்தால் தேவலை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நினைத்திருக்கிறேன். இப்போது நான் வாயைத் திறந்தால் அவளுக்கு மருந்து நிற்கும். நியாயத்துக்குத்தான் வாயைத் திறக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கதவோரம் தீ விபத்துக்கென்று ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்து இழுத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்து ஓடலாம் போல இருந்தது.

"தொடாத," என்றார் கடிகாரம். என் கை அதன் பக்கம் போயிருந்தது எனக்கே தெரியாது.

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. ஊசி போடுகிற நாட்களில் கணவருக்கு விடுப்புக் கிடைக்காது. பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். நான் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இது அந்தக் குப்பியா, அந்தக் குப்பியா என்று. முடியாது. என்னால் அது முடியவே முடியாது.

பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. "உங்க பேரை நான் சொல்லமாட்டேன் அண்ணே," என்றேன்.

தர அதிகாரி எங்களைவிடச் சின்னப் பெண். நான் சொல்லச் சொல்ல அவள் பேனாவை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். "உக்காருங்க," என்றாள். முதலில் தண்ணீர் கொடுத்தாள், அப்புறம்தான் எழுதினாள். "சாட்சிக் கையெழுத்து யாரோடது? அவரு பாத்தாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னோடது. பாத்தேன்." கடிகாரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றார். அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அட்டைப் பெட்டி கட்டுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது. போகும்போது வரும்போது என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் கையில் பிடித்த கரண்டியோடு அப்படியே நின்றார்.

"ஒரே ஒரு தடவை," என்றார். "ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? அக்கா மேல இருக்கிற கோவத்தை நீ..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. வந்தது போதும். அந்தச் சின்ன அறையில் நானே என்னைக் கேட்டதுதான்.

"டேய்," என்று உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அவ என்னைத் தீர்த்துக்கட்டணும்னு நெனச்சிருந்தா சாப்பாட்டுலயே முடிச்சிருப்பா. தினமும் மூணு வேளை என் தட்டு அவ கையிலதான் இருக்கு. வாயை மூடிட்டுப் போ."

அவர் போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்த மருந்துல அழுக்கு இருந்துச்சா, இல்லையா?"

"தெரியலங்க அண்ணி."

"எப்போ தெரியும்?"

"இனிமே தெரியவே தெரியாது. தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழியைத்தான் நான் கெடுத்துட்டேன்."

என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. மற்ற பரிசோதனைகளில் ஒரு பொட்டுக்கூட முளைக்கவில்லை. என் பத்து விரலும் சுத்தம். அது அப்படித்தானே வரும். ஆனாலும் நிரூபிக்க முடியாத சுத்தத்தை விற்க முடியாது என்று பேட்ச்சை அழிக்க உத்தரவானது. நிரப்பியவர்களில் ஒருவர் கூட இருக்க வேண்டுமாம். நான் போய் நின்றேன். தட்டுத் தட்டாகக் குப்பிகளை நொறுக்கும் இயந்திரத்தில் கொட்டினார்கள். அவற்றில் எந்த ஒன்றும் நல்ல மருந்தாக இருந்திருக்கலாம். எல்லாமே நல்லதாக இருந்திருக்கலாம். ஒன்றை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள என் கை துடித்தது. எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வேன்? அழுகை வந்தது. காவலாளி கண்ணில் தூசியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

நாத்தனாருக்கு இரண்டு ஊசி தவறியது. எட்டு மாதமாக அசையாமல் கிடந்த ஈரல் கட்டி, ஸ்கேனில் அரை விரற்கடை வளர்ந்திருந்தது. "மருந்து விட்டுப்போனதால இருக்கலாம். போட்டிருந்தாலும் வளர்ந்திருக்கலாம். இதை யாராலயும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். இந்தப் பதிலை நான் ஒரு தரம் கொடுத்திருக்கிறேன் என்பதால் அவரிடம் மேலே எதுவும் கேட்கவில்லை. கணவர் என்னோடு வேண்டியதை மட்டும் பேசினார்.

புது பேட்ச் வந்தது. நானாகவே போய்ச் சொன்னதால் என்னை மறுபயிற்சியோடு விட்டிருந்தார்கள்; அதையும் நான்தான் நிரப்பினேன். விரல் வைக்கும்போது ஸ்பிரிட் பாட்டிலை அறையின் மறுகோடிக்கு நகர்த்தி வைத்துவிட்டு, மூன்று முறை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வைத்தேன். தட்டில் எதுவும் முளைக்கவில்லை. மருத்துவமனையில் அவள் கண்ணை மூடிக் கிடக்க, நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வீட்டுக்கு வந்தோம். சோபாவில் சாய்ந்தவள், "தண்ணி," என்றாள். ஜக்கில் தண்ணீரும், எப்போதும் போல வெறும் டம்ளருமாகக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவாள், நான் பார்க்காதது போல இருப்பேன். அதுதான் எங்கள் வழக்கம். காலையில் நான் கழுவிய டம்ளர்.

எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு சுற்றுத் திருப்பினாள். பிறகு என் பக்கம் நீட்டி, "ஊத்து," என்றாள்.

ஊற்றினேன். அவள் மடியில் கொஞ்சம் சிந்தியது. "பாத்து ஊத்தத் தெரியாதா?" என்றாள், குடித்தாள், முழுதாக.

எழுந்து போகத் தெம்பில்லாமல் குடித்தாளா, என் கையை நம்பிக் குடித்தாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், கேட்டால் மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள்தான். கேட்கவில்லை. காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள், நான் மறுபடி ஊற்றினேன்.